விற்பனை மதிப்பு இல்லை

விமானத்தில் ஏறுவதில்லை என்று நான் முடிவெடுத்தது கொள்கை அடிப்படையில். பயத்தினால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே கதையை என் மனைவி சொன்னால் பயத்தில்தான் ஆரம்பிப்பாள்.

உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக் காலடியில் தரை இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் கொள்கை. விமானத்தில் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டிவிடுகிறார்களாம். கீழே தரையே இல்லாத இடத்தில் மனிதனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவதால் யாருக்கு என்ன லாபம் என்று பலரிடம் கேட்டுவிட்டேன். ஒருவரும் திருப்தியாகப் பதில் சொல்லவில்லை.

எங்கள் ஒரே மகள் கடல் தாண்டி வேலைக்குப் போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் பண்ணுவாள். பேச்சின் முடிவில், எப்போது வருகிறீர்கள் என்ற கேள்வியும் தவறாமல் வரும். என் மனைவி என்னைப் பார்ப்பாள். நான் சன்னலைப் பார்ப்பேன்.

முதல் வருஷம் தலையணையைக் காரணம் சொன்னேன். பதினெட்டு வருஷமாக நான் ஒரே தலையணையில்தான் படுக்கிறேன். நடுவில் பள்ளம் விழுந்து, என் தலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஆகிவிட்டது. வேறு எதில் படுத்தாலும் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு நேரே வராது. இரண்டாம் வருஷம் செருப்பைச் சொன்னேன். வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மெத்துச் செருப்பு ஒன்று வைத்திருக்கிறேன். அது இல்லாமல் குளிர்ந்த தரையில் கால் வைத்தால் குதிகால் விண்விண் என்று தெறிக்கும். மூன்றாம் வருஷம் இடுப்பு. துணிமணி இல்லாமல் வெளிநாடு போக முடியாது, துணிமணியைப் பெட்டியில் வைத்துத் தூக்க என் இடுப்பு இடம் கொடுக்காது, ஆகவே போக முடியாது என்று தர்க்கத்தோடு எடுத்துச் சொன்னேன்.

மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவள் வாதாடினால் ஆபத்தில்லை. கேட்டுக்கொண்டால்தான் ஆபத்து.

இந்த வருஷம் மகள் புது வீட்டுக்குக் குடிபோனாள். இரண்டே அறை. அதில் ஒன்று எங்களுக்காம். ஃபோனை வைத்துவிட்டு மனைவி அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம ரூமுக்கு மஞ்சள் திரை போட்டிருக்காளாம். எனக்கு மஞ்சள் பிடிக்கும்னு."

மகளைப் பார்க்க எனக்கும் ஆசைதான். மூன்று வருஷத்தில் அவள் குரல் கொஞ்சம் மாறியிருப்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் ஆசை வந்த மறுநிமிஷமே அந்த பெல்ட் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அந்த அவசரத்தில்தான் என் மூளையில் ஓர் அபாரமான யோசனை உதித்தது.

"ஏம்மா, அவளுக்கு என்னென்ன வேணும்னு கேளு. எல்லாத்தையும் பார்சல்ல அனுப்பிடலாம். தபால் ஆபீஸ் எதுக்கு இருக்கு?"

"நான் அவளைப் பார்க்கணும்ங்கறேன். நீங்க பார்சல்ங்கறீங்க."

"பார்சல் போனா நாம போன மாதிரி."

அவள் ஃபோனை மேசையில் வைத்தாள்.

"சரி, ஒரு பந்தயம். இந்த மாசக் கடைசிக்குள்ள தபால் ஆபீஸ்ல பார்சலை வாங்கிக்கிட்டு ரசீது கொடுத்துட்டாங்கன்னா, பயணத்தைப் பத்தி இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். அனுப்ப முடியலைன்னா நாம ரெண்டு பேரும் கிளம்பறோம்."

"வாயே திறக்க மாட்டியா?"

"நீங்களா பேச்சை எடுத்தாலொழிய."

கடைசி மூன்று வார்த்தையை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. ஒரு பெட்டி, ஒரு விலாசம், கொஞ்சம் ஒட்டுநாடா. இதில் தோற்க என்ன இருக்கிறது? உடனே கையை நீட்டினேன். அவளும் குலுக்கினாள்.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு வருஷம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். போன வருஷம்தான் ஓய்வு. அச்சகத்தில் எனக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். நான் திருத்திய சமையல் புத்தகங்கள் நாற்பது இருக்கும். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. துப்பறியும் நாவல் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது கொலை செய்தது யார் என்று மனைவி ஆவலோடு கேட்டாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன். மெய்ப்புக்காரன் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். அர்த்தத்தைப் பார்க்க ஆரம்பித்தால் எழுத்து நழுவிவிடும். இது எங்கள் தொழில் தர்மம்.

செவ்வாய்க்கிழமை முதல் படையெடுப்பு. பெயின்ட் கடையில் வாங்கிய காலிப் பெட்டியில் மகளுக்குத் துணிப்பைகளை அடுக்கி எடுத்துப் போனேன். வெளிநாட்டுப் பார்சல் கவுன்ட்டரில் ஓர் அம்மா இருப்பார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் எப்போதும் ரப்பர் முத்திரை. நான் அவருக்கு முத்திரையம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் பெட்டிக்குள் பார்க்கவே இல்லை. வெளியே பார்த்தார். அதன் நெற்றியில் 'எளிதில் தீப்பற்றும்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பழைய எச்சரிக்கை எழுதிய பெட்டியை வாங்க மாட்டோம் என்றார். உள்ளே துணிப்பைகள்தான் இருக்கின்றன, தீப்பற்றுகிற எதுவும் இல்லை என்று வாதாடினேன். துணியும் தீப்பற்றும் சார் என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, மேசைக்கடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். வெளிநாட்டுப் பார்சல் விதிகள், நாற்பத்தெட்டுப் பக்கம்.

"கடைசிப் பிரதி சார். நேத்துத்தான் ஒரு அம்மா படிச்சிட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. பத்திரமா வச்சுக்கங்க."

என் கையில் ஒரு புத்தகம் வந்துவிட்டது. இனி யார் என்னை ஜெயிக்க முடியும்? அன்றே உட்கார்ந்து முழுவதையும் படித்து முடித்தேன். பத்தொன்பது அச்சுப் பிழைகள். பதினான்காம் பக்கத்தில் யாரோ பென்சிலால் டிக் போட்டு அசிங்கப்படுத்தியிருந்தார்கள். புத்தகத்தை மதிக்கத் தெரியாத ஜனங்கள் என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டேன். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

புதன்கிழமை வெள்ளைப் பெட்டியில் மனைவி ஒரு பாட்டில் தேன் வைத்துக் கொடுத்தாள். மகளுக்குத் தொண்டைக்கட்டாம். முத்திரையம்மா பெட்டியை லேசாகச் சாய்த்தார், உடனே நிமிர்த்தினார். திரவம் கூடாது சார், மூன்றாம் விதி என்றார். புத்தகம் படித்தீர்களா என்று கேட்டார். முழுவதும் படித்தேன், பத்தொன்பது பிழை என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பூ விதைகள். மகள் வீட்டுச் சன்னலோரம் தொட்டி வைக்கப்போகிறாளாம். விதை, செடி, மண் எதுவும் போகாது, நான்காம் விதி. அடுத்த திங்கள் நகப்பூச்சு. ஐந்தாம் விதி. செவ்வாய்க்கிழமை பேட்டரி போட்ட மேசைக் கடிகாரம். பெட்டியைக் கவுன்ட்டரில் வைத்ததும் உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் நாலடி பின்வாங்கியது. ஆறாம் விதி என்று முத்திரையம்மா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை ஒரு ஜோடிக் கம்மல். நகை தபாலில் போகக் கூடாது என்பது ஏழாம் விதி. இதற்குள் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் எனக்கென்று ஓர் இடம் ஏற்பட்டுவிட்டது. புதிதாக வருபவர்கள் என்னிடம்தான் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

ஒவ்வொரு தடவை பெட்டியோடு திரும்பி வரும்போதும் மனைவி காப்பி கொடுத்து, "அடடா, இதுவும் போகாதா? பாவம், அலையறீங்க" என்பாள். நாட்காட்டியைப் பார்ப்பாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். மாசம் முடிய ஆறு நாள்தான் இருந்தது.

ஆறாவது காப்பியைக் குடிக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இவள் வேண்டுமென்றே போகாத சாமானாகப் பார்த்து வைக்கிறாள். மாசக் கடைசி வரை இப்படியே இழுத்தடித்து, என்னைத் தூக்கி விமானத்தில் போடப் பார்க்கிறாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவள் திட்டத்தை நான் பாதி வழியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் காப்பி தனி ருசியாக இருந்தது.

புத்தகத்தைப் புரட்டினேன். இருபத்திரண்டாம் பக்கம்: தடையின்றி அனுப்பத்தக்கவை. அதில் முதல் வரியே பயன்படுத்திய துணிமணிகளும் சொந்த உபயோகப் பொருள்களும்தான். விதியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"உன் விளையாட்டு எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே தேன், விதை, கம்மல் எதுவும் கிடையாது. பழைய துணி மட்டும்தான். அதைத் தடுக்க ஒரு விதியும் இல்லை."

அவள் முகம் தொங்கிப்போனது. என் வாழ்நாளில் அப்படி ஒரு தொங்கலை நான் பார்த்ததில்லை.

"எந்தத் துணிங்க?"

"ஏதோ ஒண்ணு. வீட்ல சும்மா கிடக்கிறதை எல்லாம் வை."

"அப்புறம் கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டேன்."

"சரி, உங்க இஷ்டம்" என்று பெருமூச்சு விட்டபடி உள்ளே போனாள். ஜெயித்தவனின் பெருந்தன்மையோடு அவளுக்கு நானே ஒரு காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். வெந்நீர் விஷயம் ஞாபகம் வந்ததால் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு, அவள் எடுத்து வைத்திருந்த சட்டையையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு வருவதற்குள் பெட்டி கட்டி ஒட்டுநாடாவும் போட்டாகிவிட்டது. மேல் மடிப்பை மட்டும் சோதனைக்காகத் திறந்து வைத்திருந்தாள். குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது கிலோ எண்ணூறு. வரம்பு பத்து. சுங்கப் படிவத்தை எழுதி என்னிடம் நீட்டி, கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்றாள். பொருள், எண்ணிக்கை, நிலை, மதிப்பு என்று நாலு கட்டம்.

எடுத்த எடுப்பிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'கம்பலிச் சட்டை.' அதற்குக் கீழே 'செறுப்பு.' அதற்கும் கீழே 'தலையனை.' ஐந்து வரியில் ஐந்து பிழை. ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஒரு விருந்து எனக்குக் கிடைத்ததே இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகச் சுழித்துத் திருத்தினேன். 'பயன்படுத்தியது, விற்பனை மதிப்பு இல்லை' என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே இருந்ததை மட்டும் அவள் சரியாக எழுதியிருந்தாள். பாராட்டினேன். இந்த வயதில் ணகரம் தெரியாமல் இருக்கலாமா என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, அழகாக நகல் எடுக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எடுத்தாள்.

அனுப்புநர் கட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. அனுப்புபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். என் அட்டையில் என் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாக அச்சிட்டிருக்கிறார்கள். அதைத் திருத்தச் சொல்லி ஒன்பது வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். திருத்தும்வரை அந்த அட்டையை எங்கும் காட்டுவதில்லை என்பது என் இன்னொரு கொள்கை. பாஸ்போர்ட்டில் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டை எடுத்தால் பயணப் பேச்சு வந்துவிடும் என்று பீரோவின் அந்தத் தட்டுப் பக்கமே நான் போவதில்லை. அதனால் அனுப்புநர் என்று மனைவியின் பெயரையே போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முத்திரையம்மா என்னைப் பார்த்ததும் முத்திரையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மனைவியைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டியின் மடிப்பைத் தூக்கி உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"இதெல்லாம் அனுப்பறதுல உங்களுக்குச் சம்மதந்தானா சார்?"

"முழுச் சம்மதம். பட்டியலை எழுத்துக்கு எழுத்து நானே பார்த்துத்தான் கொண்டுவந்திருக்கேன்."

டக் டக் டக் என்று மூன்று முத்திரை விழுந்தது. ரசீது வந்தது. மனைவி அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். விதி தெரிந்தவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற பொருளில் பல வாக்கியங்கள். அவள் தலையைக் குனிந்தபடி நடந்தாள். தோற்றவளின் துக்கத்தை மதித்து, ஒரு கட்டத்தில் நானே பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

மதியம் சாப்பிட்டதும் வெற்றியைக் கொண்டாட ஒரு தூக்கம் போடலாம் என்று படுக்கையறைக்குப் போனேன். ஷூவைக் கழற்றிவிட்டு மெத்துச் செருப்பைக் காலால் துழாவினேன். தட்டுப்படவில்லை. கட்டிலில் சாய்ந்தேன். தலை சரேலென்று கீழே போய் மெத்தையில் இடித்தது. தலையணை இருக்க வேண்டிய இடத்தில் தலையணை இல்லை.

ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தேன். பிறகு சுங்கப் படிவம் என் கண் முன்னால் வரிவரியாக ஓடியது. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, படித்ததன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. சட்டை, ஐந்து. கால்சட்டை, மூன்று. கம்பளிச் சட்டை, ஒன்று. செருப்பு, ஒரு ஜோடி. தலையணை, ஒன்று.

எழுந்து பீரோவைத் திறந்தேன். என் துணி இருந்த பக்கம் காற்றாடியது. நான் போட்டிருந்த சட்டை ஒன்று, கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டை ஒன்று, இவ்வளவுதான் இந்த வீட்டில் எனக்கு மிச்சம்.

மணி மூன்று. பார்சல் வண்டி நாலு மணிக்கு என்பது எனக்குத் தெரியும். ஷூவை மாட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்கு ஓடினேன். வண்டி கிளம்பாத வரை பார்சலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், முப்பத்தாறாம் விதி என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். முத்திரையம்மா ஒப்புக்கொண்டார்.

"வாங்கலாம் சார். ஆனா அனுப்பினவங்கதான் ரசீதோட வரணும். அதே விதியில ரெண்டாவது வரி."

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டாவது வரி இருந்தது. அதில் ஒரு பிழைகூட இல்லாததால் அது என் நினைவில் நிற்கவில்லை. மூடப்போனபோது பதினான்காம் பக்கம் கண்ணில் பட்டது. பென்சில் டிக். திரவம், விதை, நகப்பூச்சு, பேட்டரி, நகை. மூன்றிலிருந்து ஏழு வரை, அவள் எனக்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்த அதே வரிசை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அந்த அம்மா யார் என்று நான் கேட்கவில்லை. முத்திரையம்மாவும் சொல்லவில்லை. இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். மனைவி தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை விரித்துப் போட்டுச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்பு கிளம்பு. ரசீதை எடு. நாலு மணிக்கு வண்டி போயிடும்."

"தலை ஈரமா இருக்கு. காயட்டும், வரேன்."

"என் துணி எல்லாம் போயிடுச்சும்மா."

"நீங்கதானே சும்மா கிடக்கிறதை வைக்கச் சொன்னீங்க. ரிடயர் ஆனதிலிருந்து அந்தத் துணியெல்லாம் சும்மாதான் கிடக்கு. பட்டியல்ல எழுதியும் காட்டினேன். திருத்திக் கொடுத்தீங்க."

"உனக்கு ணகரம் நல்லாத் தெரியுமே. ஏன் அத்தனை பிழை விட்டே?"

"பிழை இல்லாம கொடுத்தா நீங்க படிச்சுத் தொலைச்சிருப்பீங்களே."

கூந்தல் நாலேகாலுக்குக் காய்ந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், நீ பந்தயத்தில் ஏமாற்றிவிட்டாய் என்று கத்தினேன். அவள் நிதானமாகப் பின்னலைப் போட்டுக்கொண்டே, பார்சல் போய்விட்டது, பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன், பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினேனா என்று திருப்பிக் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அடுத்த மூன்று வாரமும் பேசவில்லை. புதுத் தலையணை வாங்கினேன். கழுத்து இடது பக்கம் திரும்பிக்கொண்டது. இன்னொன்று வாங்கினேன். வலது பக்கம் திரும்பியது. இரண்டு சட்டையை மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டுக்கொண்டு, ஆளில்லாத பக்கமாகப் பார்த்தபடி வீட்டைச் சுற்றி வந்தேன். எதிரே வரும்போதெல்லாம் அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, தான் வாக்குத் தவறாதவள் என்பதைக் காட்டினாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். பார்சல் வந்துவிட்டதாம். நான் ஃபோனைப் பிடுங்கி, ஒன்றையும் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பு என்றேன்.

"முடியாதுப்பா. பயன்படுத்தின படுக்கைச் சாமானை இங்கேருந்து அனுப்பணும்னா பூச்சி மருந்து அடிச்சதுக்குச் சான்றிதழ் வேணுமாம். முப்பத்தொண்ணாம் பக்கத்துல போட்டிருக்கு."

"உன்கிட்டயும் புத்தகம் இருக்கா?"

"அம்மா வாங்கி வச்சுக்கச் சொன்னாங்க."

அம்மா ஃபோனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சண்டைக்குத் தயாரானேன். ஆனால் மகள் குரல் திடீரென்று மூன்று வருஷத்துக்கு முந்தைய குரலாகிவிட்டது.

"பெட்டியைத் திறந்ததும் உங்க தலை எண்ணெய் வாசனை வந்துச்சுப்பா. ரொம்ப நேரம் அதைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். உங்க ரூம்ல கட்டில் மேல வச்சிருக்கேன். செருப்பையும் கட்டிலுக்குக் கீழே வச்சாச்சு. நீங்கதான் இல்லை."

சன்னலைப் பார்த்தேன். சன்னல் கலங்கலாகத் தெரிந்தது. தலையணை, செருப்பு, துணிமணி. மூன்று வருஷமாக நான் அடுக்கிய மூன்று காரணமும் எனக்கு முன்னால் கடல் தாண்டிப் போய் அங்கே கட்டிலில் உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் பக்கம் மிச்சம் இருப்பது நானும் என் பயமும்தான். ஆமாம், பயம்தான். கொள்கை, கொள்கை என்று எவ்வளவு நேரம்தான் சொல்லிக்கொண்டிருப்பது?

ஃபோனை வைத்துவிட்டு மனைவியிடம் போனேன். அவள் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா, பயணத்தைப் பத்தி..."

"நீங்களாத்தான் பேச்சை எடுக்கறீங்க. நான் எடுக்கலை."

"ஆமா. நான்தான் எடுக்கறேன்."

அவள் எழுந்துபோய் பீரோவின் அந்தத் தட்டைத் திறந்தாள். இரண்டு பாஸ்போர்ட்டும் மேலேயே இருந்தன. விசா விண்ணப்பம் எனக்கும் சேர்த்து எழுதியே வைத்திருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இந்தத் தடவை ஒரு பிழைகூட இல்லை.

விமானம் தரையை விட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்ததில் அவள் வளையல் வளைந்துவிட்டது. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. தரையில்லாத இடத்தில் பிடித்துக்கொள்ள பெல்ட்டை விட அது எவ்வளவோ மேல் என்று நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு பணிப்பெண் ஆளுக்கொரு சுங்கப் படிவம் கொடுத்தாள், தவறினால் இருக்கட்டும் என்று ஒன்று கூடுதலாகவும் வைத்துவிட்டுப் போனாள். மனைவி எங்கள் இருவருடையதையும் நிரப்பி ஓரமாக வைத்துவிட்டு, கூடுதல் படிவத்திலும் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் பிழை பார்த்துக் கொடுங்க."

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். கையோடு கொண்டுவரும் பொருள்கள் என்ற கட்டத்தில் ஒரே வரிதான் இருந்தது. கணவர், ஒன்று. பயன்படுத்தியது. விற்பனை மதிப்பு இல்லை.

இந்த முறை அர்த்தம் புரிந்து, நிதானமாக, இரண்டு தடவை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை.